353 செ.மீ. ஆழமும் ஒரு தலைப்பும்: கீழடிச் செய்தி ஒன்றைச் சரிபார்த்த நிகழ்வு ஆய்வு

சரிபார்ப்பதற்கு எடுத்துக்கொண்ட கட்டுரையின் பொருள் கீழடி. மதுரையில் இதழியல் பயிலும் மாணவர் சிலருக்குச் செய்தி சரிபார்ப்பைக் கற்பிக்க வேண்டியிருந்தது. ஏதேனும் ஓர் ஏட்டில் வெளியான கட்டுரையை எடுத்து, அதை எழுதிய நிருபரைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பதில் எங்களுக்கு விருப்பம் இல்லை. எனவே 2019 முதல் கீழடி பற்றி வந்த செய்திகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் கூற்றுகளைக் கோத்து, அச்சில் வருவதைப் போன்ற ஒரு கட்டுரையை நாங்களே எழுதிக்கொண்டோம். கீழடியைக் கொண்டாடும் கட்டுரை அது. பிறகு அதே தரவுகளிலிருந்து, கீழடியைக் குறைத்துக் காட்டும் இரண்டாவது கட்டுரை ஒன்றும் எழுதப்பட்டது. வகுப்பில் பாதிப் பேருக்கு முதலாவது, மீதிப் பேருக்கு இரண்டாவது. தகவல் பிழைகளை ஒரு தாளிலும் சாய்வுகளை இன்னொரு தாளிலும் தனித்தனியே குறிக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

கீழடியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மாநகராட்சி வரி உயர்வைப் பற்றியோ மாட்டுத்தாவணிக் காய்கறி விலையைப் பற்றியோ வரும் செய்தியை மதுரை வாசகர் சந்தேகக் கண்ணோடுதான் படிப்பார். கீழடி என்றதும் அந்தக் கண் தானாக மூடிக்கொள்கிறது. மாங்குளம், அழகர்மலை, திருப்பரங்குன்றம் என்று ஊரைச் சுற்றிக் குன்றுதோறும் தமிழின் பழைய எழுத்து வடிவமான தமிழ்ப் பிராமியில் பொறித்த கல்வெட்டுகள் கிடக்கும் மண்ணில், வைகைக் கரையில் ஒரு பழைய வாழ்விடம் வெளிப்பட்டதைப் பெருமையாகக் கொள்வது இயல்பு. பிடிக்காத செய்தியில் பிழை காண எவருக்கும் பயிற்சி தேவைப்படுவதில்லை. மனத்துக்கு நெருக்கமான செய்தியில் காண்பதற்குத்தான் தேவைப்படுகிறது.

முகப்பு வாக்கியம்

முதல் கட்டுரையின் தலைப்பு: "2,600 ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தறிவு பெற்ற தமிழர்: அமெரிக்க ஆய்வகம் உறுதி". அதன் முதல் வாக்கியம்: "மதுரை மாவட்டம் கீழடியில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2014 முதல் நடத்திவரும் அகழாய்வில் கிடைத்த, தமிழ் எழுத்துப் பொறித்த 56 பானை ஓடுகள் கி.மு. 580ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்று அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஆய்வகம் உறுதி செய்துள்ளது." படிக்க ஒழுக்கமாக ஓடும் வாக்கியம். இதில் வரும் ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு எண்ணும் எங்கோ ஓர் உண்மையான ஆவணத்திலிருந்து வந்தவைதான். அவற்றைச் சேர்த்துக் கட்டிய விதத்தில்தான் பிழைகள் புகுந்தன.

மாவட்டத்தை முதலில் முடித்துவிடலாம். கீழடி இருப்பது சிவகங்கை மாவட்டம், திருப்புவனம் வட்டத்தில். மதுரையிலிருந்து தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. தொலைவில், இராமேசுவரம் சாலையில் சிலைமானை ஒட்டி இருப்பதால் மதுரையின் கணக்கில் வந்துவிடுகிறது. "சார், கீழடின்னா மதுரைதானே? இதையெல்லாமா பிழைன்னு குறிப்பீங்க?" என்று ஒரு மாணவி கேட்டார். குறிக்கத்தான் வேண்டும், ஆனால் எடை போட்டுக் குறிக்க வேண்டும். இந்தப் பிழையால் கட்டுரையின் வாதம் எதுவும் சரிவதில்லை. எழுதியவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை என்பதற்கு மேல் இது எதையும் காட்டவில்லை. இப்படிப்பட்ட சில்லறைப் பிழைகளை எண்ணி, கட்டுரையில் பத்துப் பிழை இருக்கிறது என்று அறிவிக்கும் சரிபார்ப்புகள் இப்போது பெருகிவிட்டன. எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பெண் போடும் வழக்கம் வாசகரைத் திசை திருப்புகிறது என்றே கருதுகிறேன்.

துறையின் பெயரில் நேர்ந்த பிழை அப்படிப்பட்டதல்ல. 2014–15, 2015–16 ஆகிய முதல் இரு கட்டங்களையும் நடத்தியது ஒன்றிய அரசின் இந்தியத் தொல்லியல் துறை. அதன் பெங்களூரு அகழாய்வுப் பிரிவு, கண்காணிப்பாளர் கே. அமர்நாத் ராமகிருஷ்ணாவின் தலைமையில் அப்பணியைச் செய்தது. 2017இல் அவர் அசாமின் குவாஹாட்டிக்கு மாற்றப்பட்டார். மூன்றாம் கட்டம் பி.எஸ். ஸ்ரீராமனின் பொறுப்பில் நடந்தது. நான்காம் கட்டத்திலிருந்துதான் தமிழ்நாடு தொல்லியல் துறை பணியை ஏற்றது. இடமாற்றம், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நடந்த வழக்குகள், அறிக்கை தாமதம் என்று கீழடியைச் சுற்றி எழுந்த பூசல் அனைத்தும், யார் தோண்டினார்கள், யார் நிறுத்தினார்கள் என்ற கேள்விகளையே அச்சாகக் கொண்டு சுழல்கின்றன. எல்லாக் கட்டங்களையும் ஒரே துறையின் கணக்கில் எழுதும்போது தகவல் தவறுவதோடு, ஓர் அரசுக்கு முழுப் பெருமையும் போய்ச் சேர்கிறது. இன்னோர் அரசின் பங்கும் பொறுப்பும் ஒருசேர மறைந்துவிடுகின்றன. பிழைத் தாளிலும் சாய்வுத் தாளிலும் ஒரே நேரத்தில் இடம்பெற வேண்டிய பதிவு இது. மாணவர்களில் பெரும்பாலோர் இதைப் பிழை என்று மட்டும் குறித்திருந்தார்கள்.

ஆய்வகம் எதை அளந்தது

இந்த ஆய்வில் மிகுதியான நேரத்தை விழுங்கிய இடம் இதுதான். அவ்வளவு நேரத்துக்கும் தகுந்த இடமும் இதுதான்.

நான்காம் கட்ட அகழாய்வைப் பற்றிய தமிழ்நாடு தொல்லியல் துறையின் அறிக்கை நூல் 2019 செப்டம்பர் 19 அன்று வெளியிடப்பட்டது. அதன்படி ஆறு கரிம மாதிரிகள் புளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குக் கி.மு. 580 என்றும், 200 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குக் கி.மு. 205 என்றும் காலம் கிடைத்தது. இவ்விரு மண்ணடுக்குகளுக்கு மேலும் கீழும் இன்னும் படிவுகள் இருப்பதைக் கருதி, இவ்வாழ்விடத்தின் காலத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 1ஆம் நூற்றாண்டு வரை என்று துறை கணித்தது. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த 56 ஓடுகள் அதே நான்காம் கட்டத்தில் கிடைத்தவை.

இப்போது கட்டுரையின் வாக்கியத்தை மறுபடியும் பார்க்கலாம். 56 ஓடுகள் உண்மை; கி.மு. 580 உண்மை, புளோரிடா ஆய்வகம் உண்மை. ஆனால் அந்த ஆய்வகம் ஓடுகளின் காலத்தைக் கணிக்கவில்லை. அங்கே போய்ச் சேர்ந்தது கரிம மாதிரி. உயிரோடு இருக்கும் மரமோ பயிரோ காற்றிலிருந்து கரிமத்தை எடுத்துக்கொண்டே இருக்கிறது. அது இறந்ததும் வரத்து நின்றுபோகிறது. உள்ளே இருக்கும் கதிரியக்கக் கரிமம்-14 ஏறத்தாழ 5,730 ஆண்டுகளுக்கு ஒரு முறை பாதியாகத் தேய்கிறது. எஞ்சியிருப்பதை அளந்தால் அந்த உயிர் எப்போது இறந்தது என்று கணக்கிடலாம். சுட்ட களிமண்ணில் இப்படி அளப்பதற்கு எதுவும் பொதுவாக இருப்பதில்லை. ஓட்டின் மேல் கரியோ உணவின் படிவோ ஒட்டியிருந்தால்தான் வழி உண்டு. ஓட்டையே நேரடியாகக் காலம் கணிப்பதற்கு வெப்ப ஒளிர்வு போன்ற வேறு முறைகள் உள்ளன.

ஆக, கரிமத்துக்குக் கிடைத்த ஆண்டு எழுத்துக்கு வந்து சேர்ந்தது மண்ணடுக்கின் வழியாக. மாதிரி கிடந்த அடுக்கும் ஓடு கிடந்த அடுக்கும் ஒரே காலத்தவை என்றால் இரண்டுக்கும் ஒரே காலம் என்பது தொல்லியலில் ஏற்கப்பட்ட வாதமுறை. அதில் பழுது இல்லை. ஆனால் அது அகழாய்வாளரின் வாதம், ஆய்வகத்தின் அளவீடு அன்று. பின்னாளில் யாரேனும் குழி தோண்டியிருந்தாலோ, கிணறு வெட்டியிருந்தாலோ, எலி வளை போட்டிருந்தாலோ மேலடுக்குப் பொருள் கீழே இறங்கியிருக்கக்கூடும். ஆகவேதான் ஒவ்வோர் ஓட்டுக்கும் எந்தக் குழி, எவ்வளவு ஆழம் என்று தனித்தனியே பதிவு வைக்கிறார்கள். 56 ஓடுகளும் 353 செ.மீ. ஆழத்தில் ஒன்றாகக் குவிந்து கிடந்தன என்ற எண்ணத்தைக் கட்டுரை உண்டாக்குகிறது. தமிழ்ப் பிராமியின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை செல்கிறது என்பது துறையின் முடிவு. அதைத் துறையின் முடிவு என்றே எழுதலாம், அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. தலைப்பில் "அமெரிக்க ஆய்வகம் உறுதி" என்று வருவதற்குக் காரணம் வேறு. உள்ளூர் அறிஞர்களின் வாதத்துக்கு வெளிநாட்டு முத்திரை ஒன்று தேவைப்படுகிறது என்ற பழைய மனக்குறை அங்கே வேலை செய்கிறது.

எண்ணிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 580ஐயும் 2019ஐயும் கூட்டினால் 2,599. ஆகவே "2,600 ஆண்டுகள்" என்ற கணக்குச் சரி. ஆனால் கரிமக் காலக்கணிப்பு ஓர் ஒற்றை ஆண்டைத் தருவதில்லை, ஒரு வீச்சைத்தான் தருகிறது. வளிமண்டலத்தில் கரிமம்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை என்பதால், அளந்த எண்ணை மர வளையங்களைக் கொண்டு தயாரித்த அளவுத்திருத்த வளைகோட்டோடு ஒப்பிட்டு ஆண்டாக மாற்றுகிறார்கள். அந்த வளைகோடு ஏறத்தாழ கி.மு. 800க்கும் 400க்கும் இடையே தட்டையாகக் கிடக்கிறது. அந்த இடைவெளிக்குள் விழும் எந்த மாதிரியாக இருந்தாலும், உலகின் எந்த நாட்டில் எடுத்ததாக இருந்தாலும், அதன் வீச்சு பரந்துவிடும். கி.மு. 580 அந்தத் தட்டையான பகுதியின் நடுவில் வருகிறது. இதைச் சொன்னால் கீழடியின் பழமை பொய் என்று பொருள்படாது. மெய்யான ஆண்டு 580க்குப் பின்னால் இருக்கவும் வாய்ப்பு உண்டு, முன்னால் இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஓர் ஒற்றை எண்ணை ஆணி அடித்தாற்போல் எழுதுவதற்கு இடமில்லை என்பதே செய்தி.

எந்தப் பொருளை அளந்தார்கள் என்ற கேள்வியும் சேர்ந்தே வர வேண்டும். பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில், ஈமச்சின்னம் ஒன்றுக்குள் சாடியில் இருந்த நெல்லைக் காலம் கணித்தபோது கி.மு. 490 என்று கிடைத்தது. அதே ஈமச்சின்னத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பொருளும் இருந்தது. நெல் ஒரு போகத்தில் விளைந்து முடிந்துவிடும் பயிர். மரம் நூறாண்டும் நிற்கும், வெட்டிய பிறகு தூணாகவும் உத்தரமாகவும் இன்னொரு தலைமுறை கழிந்து அடுப்புக்குப் போகும். மரக்கரியின் காலம் அதை எரித்தவரின் காலத்தைவிட முந்தியதாக இருக்கக்கூடும் என்பதால், நெல் போன்ற குறுவாழ்வுப் பொருளுக்கு ஆய்வாளர்கள் கூடுதல் மதிப்புத் தருகிறார்கள். பொருந்தலும் அந்தத் தட்டைப் பகுதிக்குள் விழுகிறது என்று சுட்டியவர்களும் உண்டு. கீழடிக் கட்டுரை எழுதுபவர் பொருந்தலைக் குறிப்பிட்டால் வாதம் வலுப்படும். ஏனெனில் கீழடி தனித்து நிற்கும் அதிசயம் இல்லை, தமிழகத்தில் வேறிடத்திலும் கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் காலக்கணிப்பு இருக்கிறது என்று காட்டலாம். முதல் கட்டுரையில் பொருந்தல் இல்லை. "கீழடியே முதல்" என்ற ஓட்டத்துக்கு அது இடைஞ்சலாகப் பட்டிருக்கும்.

படமும் பிற எண்களும்

முதல் கட்டுரையில் ஒரு படமும் வைத்திருந்தோம். பெரிய வாயகன்ற மண்கலம்; கீழே "கீழடி வீடுகளில் தானியம் சேமித்த பானை" என்று விளக்கம். வகுப்பில் ஒருவரும் அதில் கை வைக்கவில்லை. களப்பயணமாகக் கீழடிக்குப் போனபோது, ஒரு மாணவர் அகழாய்வுக் குழியில் வேலை பார்த்த ஒரு பெண்மணியிடம் தாளை நீட்டி, "அக்கா, இது எந்தக் குழியில எடுத்தது?" என்று கேட்டார். அவர் தாளை வாங்கிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது இங்கன எடுத்தது இல்ல தம்பி, கொந்தகைத் தாழி. உள்ளாற எலும்பு இருந்துச்சு. பிரஷ்ஷை வச்சு மண்ணைத் தள்ளுன கையி, எனக்குத் தெரியாதா?" என்றார்.

கீழடி வாழ்விடம், அடுத்துள்ள கொந்தகை இறந்தோரைப் புதைத்த இடம், முதுமக்கள் தாழிகள் கிடைத்தது அங்கே. அகரம், மணலூர் ஆகியவையும் சேர்ந்து ஒரு தொகுதியாக அகழப்பட்டதால், எங்கே எடுத்த படமானாலும் செய்தியில் "கீழடி" என்று பெயர் பெற்றுவிடுகிறது. ஈமத்தாழியைத் தானியப் பானை என்று போட்டதில் அரசியல் சாய்வு எதுவும் இல்லை. ஆனால் படத்தை வைத்துத்தான் வாசகர் வாழ்வைக் கற்பனை செய்கிறார். கணினியில் படத்தைத் தேடி முதல் வெளியீட்டைக் கண்டுபிடிக்கும் முறையை மாணவர்களுக்கு முன்பே கற்பித்திருந்தோம். அந்தத் தேடலும் இந்தப் படத்தைக் "கீழடி" என்றே காட்டியிருக்கும், ஏனென்றால் முந்தைய செய்திகளும் அப்படியே எழுதியிருக்கின்றன. குழியில் இறங்கியவரின் கண் சொன்னதைத் துறை வெளியிட்ட கொந்தகைப் படங்களோடு ஒப்பிட்ட பிறகே பிழைத் தாளில் ஏற்றினோம்.

கட்டுரையின் இன்னொரு வரி, "5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பை உருக்கிய கீழடி". இதைப் பிடிப்பது எளிது. அந்த எண் தூத்துக்குடி மாவட்டம் சிவகளைக்கு உரியது. அங்கே கிடைத்த மாதிரிக்குக் கி.மு. 3345 என்று காலம் கணித்ததாகத் தமிழ்நாடு அரசு 2025 சனவரி 23 அன்று அறிவித்தது. கீழடி அதற்குள் எல்லா ஊர்களுக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டிருந்தது.

இவற்றைத் தேடியபோது ஒரு பழக்கத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ஒரு கூற்று சரியா என்று பார்க்கச் சொன்னால், மாணவர்கள் உடனே நாலைந்து ஏடுகளில் அதே கூற்று இருப்பதைக் காட்டினார்கள். நாலைந்து ஏடுகளும் ஒரே செய்திக் குறிப்பிலிருந்து எழுதியிருந்தால் சான்று ஒன்றுதான். இங்கே செய்திக் குறிப்பைத் தருபவை பெரும்பாலும் அரசுகள். மாநில அரசு கீழடியில் அருங்காட்சியகம் கட்டி 2023 மார்ச்சு 5 அன்று திறந்தது. ஒன்றியத் துறையோ முதல் இரு கட்டங்களின் அறிக்கையை வெளியிடாமல் கையில் வைத்திருந்தது. இரண்டுக்கும் இதில் அக்கறை உண்டு. ஆகவே இரண்டின் குறிப்புகளும் ஆவணங்களாக மதிக்கத்தக்கவை, நடுவர் தீர்ப்பாகக் கொள்ளத்தக்கவை அல்ல.

பிழையே இல்லாத இரண்டாவது கட்டுரை

இரண்டாவது கட்டுரையைப் பெற்ற மாணவர்கள் பிழைத் தாளை வேகமாக நிரப்பிக் கொடுத்தார்கள். முதல் கட்டுரையைப் பெற்றவர்களின் தாளைவிட அது நீளமாக இருந்தது. பிறகு ஒவ்வொரு பதிவாக எடுத்து, "இந்த வாக்கியம் எந்த ஆவணத்தோடு முரண்படுகிறது?" என்று கேட்டபோது ஒன்றுகூட நிற்கவில்லை. அந்தக் கட்டுரையில் தகவல் பிழை வராதபடி பார்த்துப் பார்த்துத்தான் எழுதியிருந்தோம். மாவட்டம் சரி, துறைகளின் பெயர் சரி, ஆறு மாதிரிகளில் ஒன்றுக்குத்தான் கி.மு. 580 கிடைத்தது, இன்னொன்றுக்குக் கி.மு. 205 கிடைத்தது என்பதும் சரி.

ஆனாலும் அது ஒருதலைப்பட்சமான கட்டுரை. "ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று மாநிலத் துறை கூறிக்கொள்கிறது" என்று தொடங்குகிறது. "கூறுகிறது" என்பதற்கும் "கூறிக்கொள்கிறது" என்பதற்கும் உள்ள தொலைவை எந்த அகழாய்வு அறிக்கையிலும் சரிபார்க்க முடியாது. 353 செ.மீ. அடுக்குக்குக் கீழேயும் படிவு இருந்தது என்ற செய்தி அதில் இல்லை, 56 ஓடுகள் இல்லை, பொருந்தலும் இல்லை. கவனித்தால், பொருந்தலை இரு கட்டுரைகளுமே விட்டுவிட்டன, நேர்மாறான காரணங்களுக்காக. ஒன்றுக்குக் கீழடி முதலாவதாக இருக்க வேண்டும். மற்றொன்றுக்குக் கீழடி தனியாக நிற்க வேண்டும்.

அறிக்கை விவகாரத்தில் சாய்வு இன்னும் நுட்பமாக இருந்தது. இரண்டாவது கட்டுரை இப்படி எழுதியது: "அறிக்கையைத் திருத்தித் தருமாறு இந்தியத் தொல்லியல் துறை கேட்டுக்கொண்டது, அமர்நாத் ராமகிருஷ்ணா மறுத்துவிட்டார்." நடந்தவற்றை வரிசையாக வைத்தால் காட்சி மாறுகிறது. முதல் இரு கட்டங்களைப் பற்றிய 982 பக்க அறிக்கையை அவர் 2023 சனவரியில் அளித்தார். கீழடியின் காலத்தைக் கி.மு. 8 முதல் 5ஆம் நூற்றாண்டு, கி.மு. 5 முதல் 1ஆம் நூற்றாண்டு, கி.மு. 1 முதல் கி.பி. 3ஆம் நூற்றாண்டு என மூன்றாகப் பகுத்திருந்தார். திருத்தம் கோரிய கடிதம் வந்தது 2025 மே மாதத்தில். தம் காலக்கணிப்பு மண்ணடுக்கு, தொல்பொருள்கள், கரிமக் கணிப்பு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டது என்று அவர் பதில் எழுதினார். 2025 சூனில் அவர் மீண்டும் இடமாற்றம் செய்யப்பட்டார். "மறுத்துவிட்டார்" என்பது பொய்யன்று. ஆனால் காரணத்தைச் சொல்லாத மறுப்பு வாசகர் மனத்தில் பிடிவாதமாகப் பதிகிறது. இரண்டு ஆண்டு நான்கு மாத இடைவெளியைச் சொல்லாவிட்டால் திருத்தக் கோரிக்கை அன்றாட அலுவலக நடைமுறையாகத் தோற்றம் கொள்கிறது.

முதல் கட்டுரை இதே நிகழ்வை எழுதியபோது எதிர்ப்பக்கம் சாய்ந்தது: "உண்மையை மறைக்கவே அறிக்கை முடக்கப்பட்டது" என்று யாருடைய கூற்று என்று குறிக்காமல் எழுதியது. தாமதம் ஆவணத்தால் நிறுவக்கூடியது, நோக்கம் அப்படிப்பட்டதன்று. அந்தக் குற்றச்சாட்டை வெளிப்படையாக வைத்தவர்கள் உண்டு. ஒன்றியப் பண்பாட்டு அமைச்சர் கஜேந்திர சிங் ஷெகாவத், இன்னும் கூடுதல் அறிவியல் சான்று தேவை என்று பதில் சொன்னதும் உண்டு. யார் சொன்னது என்று எழுதினால் இரண்டும் செய்தி. பெயரை எடுத்துவிட்டால், எழுதியவரின் தீர்ப்பு செய்தியின் உடையில் வந்து நிற்கிறது.

இரு குழுக்களின் தாள்களையும் அருகருகே வைத்தபோது, சாய்வும் பிழையும் வேறு வேறு நோய்கள் என்று விளக்க வேண்டிய அவசியமே எழவில்லை. முதல் கட்டுரையைப் படித்தவர்கள் பிழை மலிந்த ஒரு கட்டுரையை நடுநிலையானது என்று குறித்திருந்தார்கள். இரண்டாவதைப் படித்தவர்கள் சாய்வு மிக்க கட்டுரையில் இல்லாத பிழைகளைக் கண்டிருந்தார்கள். "பொய் இல்லைன்னா பின்ன ஏன் சார் படிக்கும்போது எரியுது?" என்று ஒருவர் கேட்டதுதான் அன்றைய வகுப்பின் நல்ல கேள்வி. அந்த எரிச்சல் எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னேன். விரல் வைக்க முடிந்த இடங்களெல்லாம் சாய்வுத் தாளுக்குப் போயின. முடியாத இடங்களில் எரிச்சல் படிப்பவருடையது. விடுபட்டவை மட்டும் இந்தச் சோதனைக்குள் வரவில்லை, இல்லாத வாக்கியத்தின் மேல் விரல் வைக்க முடியாது. அவற்றுக்கு 2019 அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு, அறிக்கையில் இருப்பது எது கட்டுரையில் இல்லை என்று பின்னோக்கிப் படிக்க வேண்டியிருந்தது.

திருத்தம்

முதல் கட்டுரையின் முகப்பு இப்படி மாறியது: "சிவகங்கை மாவட்டம் கீழடியில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில், 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிம மாதிரியின் காலம் கி.மு. 580ஐ ஒட்டியது எனப் புளோரிடா ஆய்வகத்தின் கணிப்பில் தெரியவந்துள்ளது. இதையும் பிற அடுக்குகளையும் கொண்டு, இவ்வாழ்விடம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 1ஆம் நூற்றாண்டு வரையிலானது என்று துறை முடிவு செய்துள்ளது. இக்கட்டத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த 56 ஓடுகளும் கிடைத்தன." ஒற்றை வாக்கியம் மூன்றாகிவிட்டது. "சார், இதை வச்சுக் கடையில போஸ்டர் தொங்கவிட முடியாது" என்றார் ஒரு மாணவர். அவர் சொன்னது நியாயம்தான். தலைப்புக்கு வெகுநேரம் மல்லுக்கட்டி, "கீழடியின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு: தொல்லியல் துறை" என்று நிறுத்தினோம். கடைசியில் வரும் துறையின் பெயர், இது யாருடைய முடிவு என்ற கேள்விக்கு இடம் அடைக்காமல் பதில் சொல்லிவிடுகிறது. பழைய தலைப்பைவிடச் சிறியதாகவும் அமைந்தது.

இரண்டாவது கட்டுரையில் திருத்தம் வேறு வகை. தவறு இல்லாததால் நீக்குவதற்கு ஏதும் இல்லை. "கூறிக்கொள்கிறது" மட்டும் "கூறுகிறது" ஆயிற்று. மற்றபடி மூன்று வாக்கியங்களைச் சேர்த்தோம்: காலம் கணித்த அடுக்குக்குக் கீழேயும் படிவு இருந்தது என்பது ஒன்று, பொருந்தல் நெல்லின் காலம் ஒன்று, அறிக்கை அளித்த மாதமும் திருத்தம் கேட்ட மாதமும் ஒன்று. மாணவர்கள் மூன்றையும் கட்டுரையின் கடைசிப் பத்தியில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். பக்கத்தில் இடம் போதாமல் போனால் டெஸ்க்கில் கத்தரி முதலில் விழுவது கடைசிப் பத்தியில்தான்; சேர்த்தவை அப்படியே போய், கட்டுரை பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஆகவே படிவைப் பற்றிய வாக்கியத்தை முதல் வாக்கியத்துக்கு அடுத்தும், பொருந்தலை மூன்றாம் பத்தியிலும், இரு மாதங்களையும் "மறுத்துவிட்டார்" என்ற சொல் வரும் அதே வாக்கியத்துக்குள்ளும் ஏற்றினோம்.